ஹெர்மி காலி செய்யும் வீடு

"தாபி, தாபி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் ஹெர்மி அந்தப் பொத்தானை அழுத்துவாள். வெந்நீரை வாசலில் கொட்டும் முன், பெரிய மரத்தடியைக் கடக்கும் முன், பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் எல்லோரும் சொல்வதுதான்: கண்ணுக்குத் தெரியாமல் யாராவது நின்றால் சற்று ஒதுங்கிக்கொள்ளுங்கள், மேலே பட்டுவிடப் போகிறது. ஹெர்மி மட்டும் அதைக் கணினியைப் பார்த்துச் சொல்வாள். பொத்தானை அழுத்தியதும் கணினிக்குள் அவள் கட்டிவைத்த தனி அறை ஒன்று, அதிலிருந்த கோப்புகள் அத்தனையோடும் அழிந்துபோகும். அதே இடத்தில் ஒன்றுமே இல்லாத புது அறை எழும்பும். அதில்தான் அன்றைய வேலை தொடங்கும்.

அந்த அறைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் வெறும் வீடு.

"உன் வீட்டு அடுப்புல வெந்துச்சுன்னா அது பெரிசில்ல. உப்பு டப்பாவுல இருக்கும், எண்ணெய் இருக்கும், நீ கவனிச்சே இருக்க மாட்ட. ஒண்ணுமே இல்லாத வீட்டுல போய்ச் சமைச்சுப் பாரு. என்னத்த மறந்தோம்னு அப்பத்தான் தெரியும்" என்பாள்.

ஹெர்மினியா பால்மாரெஸ் ஐம்பதைத் தாண்டியவள். குள்ளம். மூக்குக்கண்ணாடியை மூக்கில் போடுவதைவிடத் தலைமுடியில் செருகியிருக்கும் நேரம்தான் அதிகம். வார நாட்களில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மற்ற நேரமெல்லாம் தலாபாவுக்கு. தலாபா என்பது தென்கிழக்காசியத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச இயங்குதளம். பெயர் வைத்த அன்று எல்லோரும் சுட்ட சிப்பி தின்றுகொண்டிருந்தார்கள்; தலாபா என்றால் சிப்பி. பள்ளிக்கூடம், ஊர்ச் சுகாதார நிலையம், சின்ன வானொலி நிலையம் என்று பழைய கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் இடங்களில் தலாபா ஓடும். யாரோ எங்கோ எழுதிய நிரல்களை வாங்கி, அவை எந்தக் கணினியிலும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் குடியிருக்கும்படி பொதிகளாகக் கட்டித் தருவது ஹெர்மியின் பங்கு.

சண்டை என்பது சும்மா பேச்சுக்கில்லை. எந்த நிரலும் தனியாக வராது. தனக்கு முன்னால் இன்னின்ன நூலகங்கள், அதாவது பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் துணைத் தொகுப்புகள், வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஒன்றுக்குப் பழைய ஒலி நூலகம்தான் வேண்டும். இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்று விருந்தன்று முறுக்கிக்கொள்ளும் உறவினர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கிற வேலை இது. ஹெர்மிக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. யாருடைய கையில் எதைக் கொடுத்தால் அடங்குவார் என்று தெரிந்தவள் மாதிரி, இங்கே ஒரு வரியை மாற்றுவாள், அங்கே ஒரு கட்டாயத்தைத் தளர்த்துவாள், கடைசியில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பொதி உருவாக நேரமெடுக்கும். கணினி பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும்போது அவள் துணி தேய்ப்பாள். வீட்டில் மென்பொருளின் அளவைச் சட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். கடிகார நிரல் அரைச் சட்டை. படம் பார்க்கும் நிரல் என்றால் கணவரின் வாரச் சீருடை முழுவதும். இணைய உலாவியைக் கட்டும் நாளில் ஜன்னல் திரைச்சீலைகள்கூட மொறுமொறுப்பாகிவிடும். கணவர் ரோடெல் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவர். "ஊரு உலகத்துக்கெல்லாம் பொட்டலம் கட்டுறா. எனக்கு மத்தியானச் சோத்துப் பொட்டலம் மட்டும் நானே கட்டிக்கணும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். சட்டை மட்டும் எப்போதும் கத்தி மடிப்போடு இருக்கும்.

தலாபாவில் வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவளை மனாங் என்பார்கள். மூத்த சகோதரிக்கான சொல். அன்போடு பயமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஏனென்றால் மற்றவர்கள் கட்டிய பொதிகளைச் சோதிப்பதும் அவள்தான். இந்தத் தொழிலில் ஊரறிந்த சாக்கு ஒன்று உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" அதை ஹெர்மியிடம் சொன்னவர்களுக்கு ஒரே பதில்தான் வந்திருக்கிறது. "அது உன் அதிர்ஷ்டம். வெறும் வீட்டுல ஓடுதான்னு பாத்துட்டு வா." கெஞ்சினாலும் இறங்க மாட்டாள். கெஞ்சுபவருக்கு உட்கார்ந்து உதவி செய்வாள். ஆனால் ஓட்டையோடு உள்ளே விட மாட்டாள்.

இப்படிப்பட்டவள் போன ஆண்டு தலாபா கூட்டத்தில் ஒரு விதிக்காக மேடையேறிப் பேசினாள். எதிலிருந்து செய்தது என்று காட்ட முடியாத எதையும் தலாபா தரக்கூடாது. ஆயத்தமாக வந்த கோப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. மூலத்தைக் கொண்டுவந்து வெறும் வீட்டில் மறுபடி செய்து காட்ட வேண்டும். "நாளைக்கு அதுல ஒரு கோளாறுன்னா, திறந்து பாக்க முடியாத பொட்டிய வெச்சுக்கிட்டு நாம என்ன செய்வோம்? முழிப்போமா?" என்று கேட்டாள். கை தட்டினார்கள். விதி நிறைவேறியது.

அந்த விதி முதலில் வந்து கதவைத் தட்டியது அவள் வீட்டில்தான்.

பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் குரல், ஊர்மொழியான ஹிலிகாய்னனில், தலாபாவில் ஒன்றே ஒன்று உண்டு. எழுதியவர் எஸ்தெபான் சொப்ரெவேகா. மனோங் தெபான் என்பார்கள், அதாவது அண்ணன் தெபான். குரல் அவருடைய மனைவி லூதிங்குடையது. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, படுக்கையறையில் உட்கார்ந்து, கணவர் எழுதிக்கொடுத்த வாக்கியங்களை அவர் வாசிக்க, அந்த ஒலியைத் துண்டு துண்டாக்கி, எதை எழுதினாலும் கோத்துப் பேசும்படி தெபான் செய்தார். லூதிங் மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோனார். தெபான் வீட்டைப் பூட்டிவிட்டு எதிர்த் தீவான குயிமாராஸுக்குப் போய்விட்டார். அஞ்சல்களுக்குப் பதில் இல்லை. குரலைப் பராமரிக்கும் வேலை ஹெர்மியிடம் வந்து சேர்ந்தது.

புதிய தலாபா வெளியாகும் முன் எல்லாப் பொதிகளையும் வெறும் வீட்டில் மறுபடி கட்ட வேண்டும். குரல் பொதி உட்காரவே மறுத்தது. அது கேட்ட பழைய ஒலி நூலகம் இப்போது இல்லை. புதியதற்கு ஏற்ப ஹெர்மி வரிகளை மாற்றினாள். உடனே அதன் துணை நிரல்கள் தாங்கள் எழுதப்பட்ட மொழியே பழசாகிவிட்டதென்று படுத்துக்கொண்டன. அவற்றைத் திருப்பி எழுதினாள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்தது இறுகியது. திரைச்சீலைகள் இரண்டாம் சுற்றுத் தேய்ப்புக்கு வந்தன. எல்லாம் தீர்ந்து கடைசியில் எஞ்சியது ஒரே கோப்பு. லூதிங்கின் குரல். தெபான் தன் கணினியில் ஆயத்தம் செய்து கொடுத்த கோப்பு. மூலப் பதிவுகள் எங்கும் இல்லை.

வெளியீட்டுப் பொறுப்பாளர் பூந்தவி, லாவோஸின் வியந்தியானிலிருந்து காணொளியில் வந்தான்.

"மனாங், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு எழுதிப் போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"எழுதப் போறதே நீங்கதானே!"

"அதான் சொல்றேன். போன மாசம் ஜாவாக்காரப் பையன் ஒருத்தன் ஆசையா எழுத்துரு கட்டிட்டு வந்தான். மூலம் இல்லன்னு திருப்பி அனுப்புனேன். இப்ப எனக்குன்னா வாசல் திறக்குமா? அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அப்ப குரல் வெளிய போயிடும். இந்த மாசக் கடைசியோட கதவச் சாத்துறோம்."

"தெரியும்" என்றாள் ஹெர்மி. கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துத் துடைத்தாள். பிறகு மறுபடி தலையிலேயே செருகிக்கொண்டாள்.

குரல் வெளியே போனால் யாருக்கு அடி விழும் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்னெர் பக்கத்துத் தெருக்காரன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். காலையில் வானொலியில் அறிவிப்புகள் வாசிப்பது அவன்தான்: இன்னார் இறந்தார், அடக்கம் இந்தக் கிழமை, இன்ன ஊரில் மாடு காணவில்லை, மணிலாவிலிருக்கும் தம்பி உடனே வீட்டுக்குப் பேசவும். மலைக் கிராமங்களில் அவன் வாய் திறக்கும்வரை அடுப்பை அணைக்காமல் காத்திருப்பார்கள். காதுக்கருவியில் லூதிங்கின் குரல் சொல்லச் சொல்ல, அரை வாக்கியம் பின்னால் இவன் வாய் பேசும். நிலையத்துக் கணினிகள் எல்லாம் தலாபாதான். புதியது ஏறியதும் ஹிலிகாய்னன் எழுத்தை ஆங்கிலக் குரல் வாசிக்கும்.

செய்தி கேட்டு அப்னெர் வந்தான். ஆங்கிலக் குரல் ஊர்ப் பெயர்களை என்ன பாடு படுத்தும் என்று நடித்துக் காட்டினான். பொத்தோத்தான் என்ற ஊரைக் கடித்து, தும்மி, மூக்கால் துப்பினான். ரோடெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்னெரும் சிரித்தான். சிரிப்பு ஓய்ந்ததும் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"மாடு பேரு தப்பானா பரவால்ல, மனாங். செத்தவங்க பேரத் தப்பா வாசிக்க முடியாது. அவங்க பேர ரேடியோவுல சொல்றது அந்த ஒரு வாட்டிதான்."

சனிக்கிழமை, காலை அறிவிப்புகள் முடிந்ததும், ஹெர்மியும் அப்னெரும் தெபானைத் தேடிக் குயிமாராஸுக்குப் படகேறினார்கள். கண்ணில்லாதவனைக் கடலில் கூட்டிப்போக முடியாதென்று ஹெர்மி எவ்வளவோ சொன்னாள். "கண்ணிருந்து நீங்க கடல்ல என்னத்தப் பாத்துட்டீங்க?" என்று வாயை அடைத்துவிட்டான்.

தெபான் மாந்தோப்பில் இருந்தார். பிஞ்சு மாங்காய்களுக்குப் பூச்சி அண்டாமல் பழைய செய்தித்தாளைப் பையாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார்:

"இந்தாய், சாப்டியா?"

தங்கையை அழைப்பதுபோல அழைத்ததில் ஹெர்மிக்கு நெஞ்சு இளகிவிட்டது. வந்த விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். விதியையும் சொன்னாள், அதைக் கொண்டுவந்தது தான்தான் என்பதையும் சொன்னாள். தெபான் இறங்கி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"விதி சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

"பதிவு இருக்கா, மனோங்?"

"இருக்கு. தர மாட்டேன்."

தெபான் பெஞ்சில் கிடந்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"அதுல வாக்கியம் மட்டும்னு நெனச்சியா? இருமுறா. என்னக் கழுதைங்கிறா. சோறு பொங்குதுன்னு எந்திரிச்சுப் போறா, வந்து எங்க விட்டோம்னு கேக்குறா. மூலம்னா மூலத்தோட போடணும், உலகத்துல யார் வேணாலும் எறக்கிக்கலாம். எம் பொண்டாட்டி இருமறத எவனோ எறக்கிக் கேக்கணுமா?"

"வேணாம், மனோங்" என்றாள் ஹெர்மி. மனதாரத்தான் சொன்னாள். அந்த நிமிடம் குரல் போனதென்றே முடிவு செய்துவிட்டாள். தெபான் உள்ளே போய் மாம்பழம் நறுக்கிக்கொண்டு வந்தார். மூவரும் சாப்பிட்டார்கள். அத்தனை இனிப்பான பழத்தில் ஹெர்மி ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்னெர் கை கழுவிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து திங்கட்கிழமை அறிவிப்புகளைக் கேட்கத் தொடங்கினான். காதுக்கருவியைப் படகிலேயே மறந்து விட்டிருந்தான்.

"தோதோ, அது என்னப்பா சத்தம்? வெட்டுக்கிளி மாதிரி?" என்றார் தெபான். தம்பி என்பதற்கு அங்கே தோதோ.

"திங்கக்கிழமை வாசிக்க வேண்டியது, மனோங். இந்த வேகத்துல கேட்டே பழகிருச்சு."

"இது உனக்குப் புரியுதா?"

"உங்களுக்குப் புரியலையா? மனாங் லூதிங் ஆச்சே இது!"

அவன் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது ஹெர்மிக்கு. தெபானின் கையில் பாதி மடித்த செய்தித்தாள் இருந்தது. அதை மடியில் வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா வை."

அப்னெர் வேகத்தைக் குறைத்தான். கிரீச்சொலி வார்த்தையாயிற்று, வார்த்தை ஒரு பெண்ணாயிற்று. இன்னும் குறைத்தான். நின்று நிதானமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரல் வாசலில் கேட்டது: லெகானெஸ் பக்கம் எருமை ஒன்று காணவில்லை. இடது கொம்பு ஒடிந்தது. கண்டவர்கள் கட்டிப்போட்டுத் தகவல் சொல்லவும். அடிக்க வேண்டாம்.

"எருமையப் பத்தி அவ வாசிச்சதே இல்ல" என்றார் தெபான். இந்த நிரலை எழுதியவரே அவர்தான். எப்படி வருகிறது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் சொன்னார். "இன்னொரு வாட்டி வை, தோதோ."

மறுபடி கேட்டார்கள். 'அடிக்க வேண்டாம்' வந்ததும் தெபானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. ஹெர்மி மாமரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"தினமுமா வேலை செய்யுறா?"

"ஞாயித்துக்கிழமை லீவு" என்றான் அப்னெர்.

தெபான் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில், பூப்போட்ட வீட்டு உடுப்பு ஒன்றில் சுற்றிய வன்தட்டு இருந்தது. உடுப்பை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டை மட்டும் ஹெர்மியிடம் கொடுத்தார்.

"வாசிச்சத எடுத்துக்கோ, இந்தாய். பேசுனத விட்டுடு."

அடுத்த நாட்களில் ஹெர்மியின் வீட்டில் துணி தேய்க்கப்படவில்லை. "இது எத்தன சட்டை?" என்று ரோடெல் கேட்டார். "இது சட்டைக் கணக்குல வராது" என்று சொல்லிக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பதிவாகக் கேட்டாள். வாசித்ததை ஒரு பக்கம், பேசியதை ஒரு பக்கம். இருமல், சிரிப்பு, பக்கத்து வீட்டுச் சேவல், தெபானுக்கு விழுந்த கழுதைப் பட்டங்கள் எல்லாம் இரண்டாவது பக்கத்துக்குப் போயின. ஓரிடத்தில் லூதிங் அலுத்துப்போய்க் கேட்கிறார்: "யாருக்குத்தான் இதெல்லாம்?" தூரத்தில் தெபானின் குரல், கண்ணு தெரியாதவங்களுக்கு என்கிறது. லூதிங் பக்கத்தைத் திருப்பும் சத்தம். "மொதல்லயே சொல்லக் கூடாதா? போன பக்கத்த நான் அரைத் தூக்கத்துல வாசிச்சேன். மறுபடி எடு" என்கிறார். அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசித்திருக்கிறார்.

ஹெர்மி காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, இதுவும் பேசியதுதான் என்று இரண்டாவது பக்கத்தில் சேர்த்தாள்.

எல்லாவற்றையும் வெறும் வீட்டில் ஏற்றினாள். பாதியில் நின்றுவிட்டது. வாக்கியத்தின் தொடக்கம் தெரியவில்லை என்று கணினி முறையிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் அதே முறையீடு. பழக்கதோஷம், முதலில் ஒலி நூலகத்தைத்தான் சந்தேகப்பட்டாள். அதைக் கழற்றி மாட்டினாள். அதற்கு முந்தையதைக் கொண்டுவந்தாள். தான் திருப்பி எழுதிய துணை நிரல்களை வரிவரியாகப் படித்தாள். பிறகு, எதையும் மாற்றாமல், ஒரே ஒரு பதிவைக் காதில் வைத்துக் கேட்டாள். வாக்கியம் கத்தியால் சீவியதுபோல் தொடங்கியது. கத்தியால் சீவியதுபோல் முடிந்தது.

தப்பு எந்த நூலகத்திலும் இல்லை. சுத்தம் சுத்தம் என்று அவளே ஒட்ட வெட்டியிருந்தாள். வாக்கியத்துக்கு முன்னால் லூதிங் இழுத்த மூச்சையும், முடித்த பின் விட்ட மூச்சையும் சேர்த்து வெட்டியிருந்தாள். அந்தச் சிறு இடைவெளியை வைத்துத்தான் பேச்சு எங்கே தொடங்குகிறதென்று நிரல் கண்டுபிடிக்கும். மூச்சில்லாத வாக்கியத்தை அது வாக்கியமென்றே ஏற்கவில்லை.

வேறு யாராவது இருந்தால் சத்தமில்லாமல் மூச்சைச் சேர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஹெர்மி தெபானைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மனோங், ஒண்ணு கேக்கணும். மூச்சு வாசிச்சதுல சேருமா, பேசுனதுல சேருமா?"

அந்தப் பக்கம் தெபான் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னடி கேள்வி இது?" என்றார் தெபான். பிறகு, "மூச்சு விடாம எப்படி வாசிப்பா? அதையும் எடுத்துக்கோ."

வெட்டியதை எல்லாம் மறுபடி எடுத்து மூச்சோடு வெட்டினாள். "தாபி, தாபி" என்று பழைய அறையைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இந்த முறை இஸ்திரிப் பெட்டியையும் சூடாக்கினாள். ரோடெலின் கைக்குட்டைகள்வரை தேய்த்து முடித்தபோது கணினி அமைதியாயிற்று. குறை ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு வெற்றுக் கணினியில் பொதியை நிறுவி, எப்போதும் போல 'மாயோங் அகா' என்று தட்டினாள், காலை வணக்கம். மூச்சை இழுத்துக்கொண்டு லூதிங் வணக்கம் சொன்னார்.

பூந்தவி கதவைச் சாத்தும் முன்பே பொதி உள்ளே போய்விட்டது. "விலக்கு கேட்டிருந்தா இத்தன பாடு இல்லையே, மனாங்" என்றான். "பொத்திக்கிட்டு அடுத்ததப் பாரு" என்றாள்.

வன்தட்டைத் தெபானுக்குத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். பேசியதெல்லாம் தனியாக, ஒன்றுவிடாமல் இருந்தது. தன் கணினியில் அதன் நகல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. புதிய தலாபா ஏறிய முதல் காலை, வானொலியில் அப்னெர் பொத்தோத்தானில் இறந்த ஒரு கிழவியின் முழுப் பெயரையும், பிள்ளைகள் பெயரையும், பேரப்பிள்ளைகள் பெயரையும் தடுக்காமல் வாசித்தான். ஹெர்மி ரொட்டியைக் காபியில் தோய்த்தபடி கேட்டாள். நல்லா வாசிக்கிறான் என்று மட்டும் சொன்னாள்.

குரல் கட்டிய அறையை மட்டும் அவள் காலி செய்யவில்லை. வேலை முடிந்த கையோடு துடைத்துவிடுகிறவள், நாட்கணக்காக அப்படியே விட்டு வைத்திருந்தாள். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது; அங்கிருந்த பதிவுகள் எல்லாம் பொதியோடு பத்திரமாகத்தான் போயிருந்தன. இடமில்லை என்று கணினி முனகியது. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஜாவாக்காரப் பையன் வந்தான். திருப்பி அனுப்பிய எழுத்துருவுக்கு, அலைந்து திரிந்து மூலத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தான். "மனாங், இப்பவாவது பாருங்க" என்று எழுதியிருந்தான். பார்க்க வேண்டுமென்றால் வெறும் வீடு வேண்டும்.

ஹெர்மி மேசைக்கு வந்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டாள். விரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

"தாபி, தாபி" என்றாள், இந்தத் தடவை வாய்விட்டு.

அழுத்தவில்லை. எழுந்து, மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் குறுக்கே கிடந்த தன் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, தானும் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.